மின்சார ஆணையத்தின் கருத்துக் கேட்பு: போனவர்கள் சொல்லுங்கள்

மீட்டர்பெட்டி:
தமிழ்நாட்டு ஆணையத்தின் கட்டண விசாரணையில் பேச ஆளுக்கு இரண்டு மூணு நிமிஷம்தான் என்பது போனவர்களுக்குத் தெரியும். மண்டபமே "கட்டணத்தை ஏத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, சிறுதொழில் சங்கத்துக்காரர் ஒருவர் மட்டும் உச்சநேரக் கட்டணப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆலைகள் மாதிரிப் பெரிய பயனீட்டாளர்களின் உயரழுத்த இணைப்புக்குக் காலை 6.30–10.30 உச்சநேரம், 25% கூடுதல். "ஒன்பது மணிக்கு மேல சோலார் ஏறிடுதுங்க. அப்ப மில் ஓட்டுறவனுக்கு எதுக்கு அபராதம்? மத்தியானத்துக்கு ஏன் தள்ளுபடி இல்ல?" உடனே மேடையிலிருந்து, "மனுவில் எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டார்கள். அன்றைக்கு வேறு யாரிடமும் அதைக் கேட்கவில்லை. 2023 ஜூனில் மத்திய விதி திருத்தப்பட்டதிலிருந்து இந்த வாதத்துக்குச் சட்டப்பிடியும் இருக்கிறது: சூரிய நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20% கம்மியாக இருக்க வேண்டும்.

முப்பந்தல்காற்று:
கட்டண விசாரணைக்குப் போய் என்ன ஆகப்போகிறது? அங்கே போகும்போது சோறு வெந்து முடிந்திருக்கும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டண ஆணையே 2026-27 வரைக்கும் விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏற்றத்தை எழுதிவிட்டது. அனல் மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருஷம். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வீசும்போது காற்றாலையை நிறுத்தச் சொல்கிற ஆசை அங்கிருந்துதான் வருகிறது. காற்றும் சோலாரும் மஸ்ட்-ரன், அதாவது கிடைக்கிற மின்சாரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று 2021 மத்திய விதி சொல்கிறது. கிரிட்டின் (மின்கட்டமைப்பின்) தொழில்நுட்பத் தடை அல்லது பாதுகாப்புக்காக மட்டுமே நிறுத்தலாம், வேறு காரணம் என்றால் இழப்பீடு. ஆட்சேபணை போட வேண்டிய இடம் மின்கொள்முதல் ஒப்பந்த ஒப்புதல் மனு, மின்சாரச் சட்டத்தின் 86-வது பிரிவு. அதற்கும் முன்னால் பத்தாண்டு வளத் தேவைத் திட்டம், அதாவது வரப்போகும் தேவைக்கு எந்த மின்சாரம் எவ்வளவு என்ற கணக்கு. நிலக்கரியா பேட்டரியா என்பது அதில்தான் முடிவாகிறது, அந்த விசாரணைக்குத்தான் யாரும் வருவதில்லை.

கணக்குப்பிள்ளை:
கட்டண விசாரணை, கொள்முதல் மனு இரண்டுமே வேண்டும், சண்டை எதற்கு? மனு எழுதத் தெரியாமல்தான் பாதி வீணாகிறது. வழக்கு எண், அட்டவணை எண், பக்க எண், என்ன மாற்றம் வேண்டும், காரணம்: எல்லாம் இரண்டு பக்கத்துக்குள். நகலை விநியோக நிறுவனத்துக்கும் அனுப்புங்கள், அவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். "புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிக்கணும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இருபது பேருடையதைச் சேர்த்து ஒரே வரியில் "குறித்துக்கொள்ளப்பட்டது". முதலில் கொள்முதல் அட்டவணையைத் திறங்கள். 19% திறன் பயன்பாட்டில் (வருஷம் முழுக்க முழுத் திறனில் ஓடினால் வருவதில் 19%) 1 மெகாவாட் சோலார் வருஷத்துக்கு ஏறக்குறைய 16.6 லட்சம் யூனிட் தரும். 100 மெகாவாட் காட்டிவிட்டு 11 கோடி யூனிட்தான் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்: நடு வருஷத்தில் இணைகிறதா, நிறுத்திவைக்கப் போகிறார்களா? அடுத்தது, தேவைக் கணிப்பை மாதவாரி மொத்த யூனிட்டாகக் கொடுத்தால் விடாதீர்கள். அந்த மொத்தத்தில் மத்தியான உபரியும் சாயங்கால ஏழு மணித் தட்டுப்பாடும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் தனித்தனியாக, பிளாக் வாரியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் மாதத்துக்கு ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு மட்டுமாவது. சாயங்காலத்துக்கு எத்தனை மெகாவாட் பேட்டரி, எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு அப்புறம்தான் பதில் வரும். ஆணை வெளியானதும் உங்கள் ஆட்சேபணைக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திருப்தி இல்லையென்றால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

மீட்டர்பெட்டி:
டெல்லியில் வக்கீல் வைக்க முடிந்தவருக்குத்தான் அந்த 45 நாள். கேட்ட கேள்விக்கு ஆணையில் பதிலே இல்லை என்றால் இதே ஆணையத்தில் மறுஆய்வு மனு போடலாம். ஆனால் எழுத்தில் கொடுத்ததற்குத்தான் அது எடுபடும். மண்டபத்தில் வாயால் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பேசி முடித்த கையோடு பேசியதைத் தாளில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.