புதுப்பிப்பு: படுத்ததும் ஓடும் எண்ணங்கள் – எழுதித் தீர்த்தது பலித்தது

படுத்தவுடன் தோட்டத்துக் கணக்கும் வீட்டுக் கவலையும் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

மூச்சுப் பயிற்சி எனக்குப் பிடிபடவில்லை. கைகொடுத்தது, "15 நிமிடம் கை நிற்காமல், பிழை பார்க்காமல், வந்ததை எழுதுங்கள்" என்ற யோசனைதான். "இலை எடை, அக்காவுக்குப் போன், கூரை ஒழுகல், ஏன் அப்படிக் கத்தினேன்" என்று வரிகள் தாறுமாறாக ஓடுகின்றன, ஓடட்டும். உளவியலாளர் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலும் மனதை உறுத்தியவற்றை எழுத வைத்தது இதே 15 நிமிடம்தான், தொடர்ந்து நான்கு நாள்.

எதிர்பாராதது: எழுதி முடித்ததும் சற்று நேரம் மனம் கனக்கிறது. அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதிவிடுகிறேன். படுக்கும்போது நாளைய வேலைகளை மட்டும் குறிக்கிறேன். தூக்கம் சீக்கிரம் வருகிறது. மழைக்காலத்தில் தாள் நமத்து மை ஊறுகிறது, இங்கே பென்சில்தான் சரி.