மறு: சித்தரிப்பா, காட்டுருவா?

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். ஒரு நிகழ்ச்சியை ஓவியத்தில் காட்டுவதற்கு என்ன சொல் போடலாம் என்று இந்த மடற்குழுவில் கேட்டிருந்தேன்; உங்கள் யோசனைகளுக்கு இது என் பதில்.

பாம்பனிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ராமநாதபுரம் அரண்மனைக்கு, இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்க்க அழைத்துப் போகிறோம். வினாத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'சேதுபதி - தஞ்சை மராட்டியர் போர்ச் சித்தரிப்பு' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப அந்தச் சண்டை நடக்கலையா டீச்சர்?"

அவள் மேல் தப்பில்லை. 'ஆபாசமாகச் சித்தரித்து', 'தவறாகச் சித்தரித்து' என்றே செய்திகளில் கேட்டு வளர்கிறாள். அவளுக்கு அந்தச் சொல் ஒட்டுவேலை, பொய். 'சித்திரிப்பு' என்று திருத்தினால் போதும் என்கிறார் குழுவில் ஒரு ஐயா. அதற்குள் 'சித்திரம்' என்ற சொல் கண்ணுக்குத் தெரியும், சரி. ஆனால் 'த'வைத் 'தி' ஆக்கினால் மட்டும் அந்தக் கறை போகாது.

அப்புறம், சித்திரம் வடசொல்லே இல்லை, 'செத்து'விலிருந்து வந்தது என்று நான்கு மடல் ஓடிவிட்டது. சங்கப் பாட்டில் 'செத்து' என்றால் 'போலக் கருதி' என்பது உண்மைதான். அங்கிருந்து சித்திரத்துக்கு வரும் வழியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒத்துக்கொண்டாலும் பிள்ளையின் கேள்வி அப்படியே நிற்கிறது.

'எழுத்து' என்ற யோசனை எனக்குப் பிடித்தது. கண்ணுக்கு மையிடுவதை 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்கிறது குறள். ஓவியத்தையும் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் 'சுவரில் எழுதிய போர்' என்றால் பிள்ளைகள் எழுத்தைத் தேடுவார்கள். 'புனைவு' என்ற சொல்லுக்கோ இப்போது கதை என்றே பொருளாகிவிட்டது.

நான் போய் நின்றது மதுரைக்காஞ்சியில். 'எவ்வகைச் செய்தியும் உவமம் காட்டி' என்று தொடங்கி, ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. பார்ப்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துகிறவர் என்பது நச்சினார்க்கினியர் உரை. எவ்வளவு அழகு! அந்தக் 'காட்டி'யை வைத்துத்தான் 'காட்டுரு' என்றேன். காட்டுப்பன்றி நினைவுக்கு வருகிறது என்று குழுவில் ஒரு அம்மா சொன்னது நியாயம், அதை விட்டுவிடுகிறேன். 'காட்டு' என்ற வினைச்சொல்லை விடமாட்டேன்.

பெரும்பாலோர் 'சித்திரிப்பு' என்கிறீர்கள். ஆசிரியர் கையேட்டில் அப்படியே போடுகிறேன். பிள்ளைகள் தாளில் 'இந்தச் சுவரில் எந்தப் போரைக் காட்டியிருக்கிறார்கள்?' என்றுதான் இருக்கும். தலைப்புக்கு மட்டும் இன்னும் ஒரு பெயர்ச்சொல் வேண்டும். வியாழன் இரவு வரை காத்திருக்கிறேன்.