குவா சூ: “விதவை நட்சத்திரம்” விழுந்த ஜாதகக்காரர்களுடன் எங்கள் அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து:

என்னோடு பதினோரு ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் சீனத் தோழி ஒருத்தி. 1984-இல் பிறந்தவள், எலி ஆண்டு. ஒரு நாள் மதியம் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்து விரித்தாள். நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து. ஆண்டு, மாதம், நாள், வேளை என்று மொத்தம் எட்டு எழுத்து. சீனர்கள் பாட்ஸி என்று சொல்லும் ஜாதகம் அவ்வளவுதான். கடைசிப் பத்தியின் கீழ் எழுத்தைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. எத்தனை முறை மடித்துப் பிரித்தாளோ, தாள் அந்த இடத்தில் நைந்து கிடந்தது. “இதுதான் குவா சூ. இதனாலதான் மாப்பிள்ளையோட அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

குவா என்றால் கணவனை இழந்தவள். பெயரே போதும், கேட்ட மாமியார் பயந்துவிடுவார். இதற்குத் துணையாக கூ சென் என்று இன்னொன்று, தனிமை நட்சத்திரம். ஆணுக்கு கூ சென் ஆகாது, பெண்ணுக்கு குவா சூ ஆகாது என்பது அவர்கள் வழக்கு. “ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” கேட்டு வளர்ந்த எனக்கு அடிவயிறு கலங்கியது.

இரண்டையும் வானத்தில் தேடினால் கிடைக்காது. கணக்கில் மட்டும் இருக்கும் நட்சத்திரங்கள் இவை. ஜாதகத்தின் கீழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு விலங்கு. அந்தப் பன்னிரண்டு விலங்குகளைப் பருவத்துக்கு மூன்றாகப் பிரிக்கிறார்கள். பன்றி, எலி, எருது மூன்றும் குளிர்காலக் குடும்பம். அந்தக் குடும்பத்தைத் தாண்டி அடுத்து நிற்கும் புலி கூ சென். முன்னால் நிற்கும் நாய் குவா சூ. வீட்டு வாசலுக்கு வெளியே இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்பது மாதிரி. எலி ஆண்டில் பிறந்த தோழிக்கு மற்ற மூன்று பத்தியில் எங்காவது நாய் வந்தால் குவா சூ. அவளுக்கு வேளையில் வந்தது. ஆகஸ்ட் மாதம், மாலை 7.20. நாய் வேளை 7 மணி முதல் 9 வரை.

அப்புறம் அவளை இன்னொரு வயதான ஜோதிடரிடம் கூட்டிப் போனோம். அவர் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார், நம் ஊர்ப் பெரியவர்கள் எண்ணுவதைப் போலவே. பிறகு கேட்டார்: “எந்த ஊர் மணி?” 1982 ஜனவரி 1-இல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். இன்றைக்கும் நம் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகைக்கான நேரம் காட்டுகிறது, ஊர் இருப்பதோ 104 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியனை விட ஒரு மணிக்கு மேல் கடிகாரம் முந்தி ஓடுகிறது. ஆக அவள் பிறந்த உண்மை நேரம் 6.15-ஐ ஒட்டி. அது சேவல் வேளை. நாயும் இல்லை, குவா சூவும் இல்லை!

எல்லா ஜோதிடரும் இப்படித் திருத்துவதில்லை. ஆனால் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் இதையாவது கேட்டிருக்க வேண்டாமா? பிறந்த ஊரைக் கேட்காமல் நம் ஜோதிடர்கள் லக்னம் போடுவார்களா? நாங்கள் புதுத் தாளோடு வெளியே வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் வேறு இடம் நிச்சயமாகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

———

கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர், ஈப்போ:

நான் தமிழன், மனைவி சீனப் பெண். மாமனார் என் பிறந்த தேதியைக் கொண்டுபோய்ப் பார்த்தார். 1990, குதிரை ஆண்டு, எனவே எனக்குக் குரங்கு கூ சென். அது நாள் பத்தியில், அதாவது துணைக்குரிய வீட்டில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் ஒரே அமைதி. ஜோதிடர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, “வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருக்கிறவனுக்கு நட்சத்திரம் கேட்ட தனிமை கிடைத்துவிட்டது, பயப்பட வேண்டாம்” என்றாராம். கல்யாணம் நடந்தது. மாமனார் இப்போதும் நான் கப்பல் ஏறும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்.

———

பினாங்கிலிருந்து:

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடும் ஒரு சீன மடம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத சீனப் பெண்கள் சேர்ந்து வாழும் இடம். அதில் ஓர் அம்மா, 1936-இல் பிறந்தவர், எலி ஆண்டு, நாய் மாதம். மாதப் பத்தி பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் உரியது. குடும்பத்துக்கு ஆகாதவள் என்று ஏழு வயதில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

நாங்கள் பார்த்த காலத்தில் அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சந்திர மாதம் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வெங்காயம், பூண்டு இல்லாத மீ கூன் (அரிசி நூடுல்ஸ்) வறுத்து, மூடி போட்ட எனாமல் பாத்திரத்தில் வேலிக்கு மேல் நீட்டுவார். என் அம்மா அதே பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். வெறும் பாத்திரமாக ஒருநாளும் போனதில்லை.

குவா சூ பற்றி அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மலாயில்தான் பேசிக்கொள்வோம். அப்பா மேல் கோபம் இல்லையா என்று ஒரு முறை தங்கை கேட்டுவிட்டாள். என் அம்மா அவளை அதட்டினார். மடத்து அம்மா தடுத்துவிட்டுச் சொன்னார்: “மாதா மாதம் அரிசி அனுப்பினார். கடைசி வரைக்கும் அனுப்பினார். ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை.”