எஸ்ஜி அயர்ன் நாடுலாரிட்டி இமேஜ்ஜேல 50க்கு மேல ஏறவே மாட்டேங்குது, அவசரம்

லேப்_புதுசு:
வணக்கம்ங்க, கோயம்புத்தூர்ல ஒரு பவுண்டரி லேப்ல சேந்து நாலு மாசம் ஆகுது. எஸ்ஜி அயர்ன்ல (கிராஃபைட் உருண்டையா இருக்கற வார்ப்பிரும்பு) நாடுலாரிட்டி, அதாவது கிராஃபைட்ல எத்தனை சதவீதம் உருண்டைன்னு, இமேஜ்ஜேங்கற படம் அளக்கற சாஃப்ட்வேர்ல பாக்கறேன். மைக்ரோஸ்கோப் போட்டோவ 8 பிட் மாத்தி, ஆட்டோ த்ரெஷோல்டு ஓட்சு (கருப்பு எது வெள்ளை எதுன்னு தானா பிரிக்கற முறை) குடுத்து, துகள்கள அளக்க அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் போட்டா 47, 51னு தான் வருது. கண்ணுல பாத்தா உருண்டை உருண்டையா நல்லாத்தான் இருக்கு. கஸ்டமருக்கு 85 வேணும், நாளைக்கு காலைல ரிப்போர்ட். எந்த செட்டிங் தப்புன்னு சொல்லுங்க ப்ளீஸ்

உலைக்களம்:
செட்டிங்க விடுங்க, கிராஃபைட்ட உருண்டையாக்கற மெக்னீசியம் ஃபேட் ஆயிருக்கும். ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஊத்த லேட் ஆக ஆக மெக்னீசியம் கொறஞ்சுட்டே போகும், கடைசி மோல்டுல கிராஃபைட் புழு மாதிரி நெளிஞ்சு நிக்கும். சாம்பிள் எந்த மோல்டுல எடுத்தது? ஸ்பெக்ட்ரோல (உலோகக் கலவைய அளக்கற மெஷின்) மெக்னீசியம் எவ்ளோ காட்டுச்சு?

பிக்சல்_பிரியன்:
உருண்டையா இருக்குன்னு அவரே சொல்றாரே. தம்பி, எத்தனை எக்ஸ் (உருப்பெருக்கம்)? ஸ்கேல் செட் பண்ணீங்களா? ஜேபெக்கா டிஃபா? முக்கியமா எட்ச் (பாலிஷ் போட்ட முகத்த ஆசிட்ல லேசா அரிக்கறது) பண்ணதா பண்ணாததா? இதெல்லாம் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது

பழைய_மெட்டலர்ஜி:
மைக்ரோஸ்கோப்ல ரெண்டு வருஷம் கண்ண வெச்சுப் பாக்காம நேரா சாஃப்ட்வேர்ல உக்காந்தா இப்படித்தான் வரும். நாடுலாரிட்டி மாதிரிப் படம் போட்ட சார்ட்ட பக்கத்துல வெச்சுப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை. அடிப்படையப் படிச்சுட்டு வாங்க தம்பி.

மைக்ரான்:
ஐயா, ஒரே சாம்பிள ஒரே சார்ட்ட வெச்சு எங்க லேப்ல ஒருத்தர் 80ங்கறார், இன்னொருத்தர் 90ங்கறார், அந்தப் பத்துல தான் கஸ்டமர்கிட்ட இருந்து பாக்ஸ் திரும்பி வருது. அதுக்குத்தானே ஏஎஸ்டிஎம் (தர விதி வெளியிடற அமெரிக்க அமைப்பு) இ2567னு இமேஜ் அனாலிசிஸுக்கே தனியா ஒரு முறை வெச்சாங்க

பழைய_மெட்டலர்ஜி:
அதே சாஃப்ட்வேர்ல வாட்டர்ஷெட் அழுத்திப் பாருங்க, கோணல்மாணலா இருக்கற கிராஃபைட்ட ரெண்டு மூணு உருண்டையா வெட்டிக் குடுத்துரும், கெட்ட காஸ்டிங் நல்லதா பாஸ் ஆகும். இத நான் கண்ணால பாத்திருக்கேன், அதனால தான் சொல்றேன்.

மைக்ரான்:
வாட்டர்ஷெட் விஷயம் நூத்துக்கு நூறு சரி, அதுல சண்டையே இல்ல. அதுக்காக எல்லாத்தையும் கண்ண நம்பி விட முடியாதுங்க

லேப்_புதுசு:
சாரி, மெஷின்ல இருந்தேன். 100 எக்ஸ், ஜேபெக், 2% நைட்டல்ல (ஆல்கஹால்ல கலந்த நைட்ரிக் ஆசிட்) எட்ச் பண்ணது. கிராஃபைட்னு எடுத்த ஏரியா 41%னு காட்டுது. வாட்டர்ஷெட் போடல

பிக்சல்_பிரியன்:
41ஆ? அங்கயே பிடிபட்டுச்சு. எஸ்ஜி அயர்ன்ல கிராஃபைட் பத்து பன்னெண்டு சதவீதத்த சுத்தித்தான் இருக்கும். எட்ச் பண்ணதும் கிராஃபைட்ட சுத்தி இரும்புல இருக்கற பெர்லைட்ங்கற பகுதி கருத்துருச்சு, ஓட்சுக்கு கருப்பு வெள்ளைன்னு ரெண்டே பங்கு தான், அது பெர்லைட்டையும் கிராஃபைட்டோட சேத்து அள்ளிருச்சு. பெர்லைட் திட்டுத்திட்டா கோணலா இருக்கும், அதான் நம்பர் விழுது. நாடுலாரிட்டி எப்பவும் எட்ச் பண்றதுக்கு முன்னாடியே எடுக்கணும், எட்ச், இரும்புல ஃபெரைட் எவ்ளோ பெர்லைட் எவ்ளோன்னு பாக்கறதுக்கு.

மறுபடி பாலிஷ் போடுங்க, கடைசி டயமண்ட் பேஸ்ட்ல கைய லேசா வைங்க, அழுத்துனா கிராஃபைட் பிடுங்கிட்டு வந்து ஓரம் பிஞ்சு தெரியும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர (அளவுக்கோடு போட்ட கண்ணாடி) ஒரு போட்டோ எடுத்து அத வெச்சு ஸ்கேல் செட் பண்ணுங்க, டிஃப்ல சேவ் பண்ணுங்க. அப்புறம் சாஃப்ட்வேர் சுற்றளவ வெச்சுப் போடற சர்குலாரிட்டிய நம்பாதீங்க, சின்ன துகள்ல பிக்சல் படிக்கட்டு மாதிரி நிக்கறதால சுற்றளவு தப்பா வரும். இ2567ல ஃபெரட் நீளத்த (துகளோட அதிகபட்ச நீளம்) விட்டமா வெச்சு ஒரு வட்டம் போட்டு, துகளோட ஏரியா அந்த வட்டத்துல 0.60 பங்காச்சும் இருந்தா நாட்யூல்னு எடுத்துக்கறாங்க, 10 மைக்ரானுக்கு கீழ இருக்கறதையும் ஓரத்துல வெட்டுப்பட்டதையும் விட்டுடணும். சதவீதம் எண்ணிக்கைல இல்ல, ஏரியாவுல போடணும்.

உலைக்களம்:
இருந்தாலும் அந்த மெக்னீசியம் ரீடிங் ஒரு தடவ பாத்துருங்க தம்பி

லேப்_புதுசு:
எட்ச் இல்லாம எடுத்தேன், ஏரியா 11, நாடுலாரிட்டி 88. ரொம்ப நன்றிங்க, ரிப்போர்ட் அடிக்கப் போறேன்

பிக்சல்_பிரியன்:
எத்தனை ஃபீல்டு எடுத்தீங்க? ஒரே போட்டோவா இருந்தா குடுக்காதீங்க, சாம்பிள நகத்தி நகத்தி இன்னும் நாலஞ்சு எடம் பாருங்க

பிக்சல்_பிரியன்:
தம்பி இருக்கீங்களா?