வியாழக்கிழமை மீட்டிங், நடந்ததை இங்கிலீஷில் எழுதித் தரணும், உதவுங்கள்

அரூர்ப் பெண்:
வணக்கம். நான் இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வேலை இடத்தில் ராத்திரி ஒரு பிரச்சினை ஆகிவிட்டது. என் மேல் தப்பு இல்லை. ஆனால் நடந்ததை எழுதிக்கொண்டு வா, வியாழக்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவர்கள் பேசினால் புரிகிறது. நான் சொல்லும்போதுதான் ஹி, ஷி மாறிவிடுகிறது. ‘டிட் நாட் வென்ட்’ என்று வாயில் வருகிறது. இன், ஆன், அட் எதை எங்கே போடுவது என்று பிடிபடவே இல்லை. அதற்குள் சரி செய்ய முடியுமா? தூக்கமே வரவில்லை.

காவேரிப்பட்டினம் அண்ணன்:
தங்கச்சி, எந்த நாடு என்று சொல்லவே இல்லையே. கனடாவாக இருந்து கையில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால், ‘லிங்க்’ என்கிற அரசாங்க ஆங்கில வகுப்பு இலவசம், உடனே பெயர் கொடு. ஒர்க் பர்மிட் என்றால் அதில் சேர்க்க மாட்டார்கள். நான் வந்தது ஜனவரி மாதம். நிலவறையில் ஒரு ரூம், ஜன்னல் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணீர் வந்தால் அதுவும் சில்லிட்டுப் போகும். கடைக்காரன் என்ன கேட்கிறான் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. பொறுத்துக்கொள், தானாக வரும்.

பாலக்கோட்டான்:
மொழியெல்லாம் அப்புறம். முதலில் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டு அக்ரிமெண்டைப் படிக்காமல் போட்டுவிட்டு அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காமல் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிராமர் யாருக்கும் தேவையில்லை, தைரியமாகப் பேசு.

ஓசூர்க்காரன்:
எங்கள் ஊரில் தெலுங்கையும் கன்னடத்தையும் புத்தகம் வைத்தா கற்றோம்? தெருவில் கேட்டுக் கேட்டே வந்தது. கூட வேலை செய்பவர்களோடு டீ குடிக்கும்போது பேசிப் பழகம்மா.

பென்னாகரத்து அக்கா:
கேட்டுப் பழக வருஷம் ஆகும் தம்பி, அவளுக்கு வியாழக்கிழமை மீட்டிங். கிராமர் தேவையில்லை என்பதும் சரியில்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது ஃபைலில் இருக்கும். பள்ளியில் டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேச விட்டார்களா? அதைத்தான் இன்றைக்கு நம் பிள்ளைகள் இங்கே வந்து அனுபவிக்கிறார்கள்.

பாலக்கோட்டான்:
உண்மை அக்கா. ஏஜெண்டும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘இங்கிலீஷ் தானா வந்துடும்’ என்று சொல்லித்தானே அனுப்புகிறான். வந்து பார்த்தால் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது.

காவேரிப்பட்டினம் அண்ணன்:
பாதியா? இங்கே அதற்கும் மேலே.

அரூர்ப் பெண்:
நாட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். இங்கிலாந்து. முதியோர் இல்லத்தில் கேர் வேலை. ராத்திரி சத்தம் கேட்டுப் போனேன், ஒரு பாட்டி தரையில் கிடந்தார். பெல் அடித்தேன், நர்ஸ் வந்தார். அவ்வளவுதான். அதை எழுதத்தான் வரவில்லை.

கிருஷ்ணகிரி டீச்சர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே கண்ணு. நான் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பயப்படாதே, இதற்குச் சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும்.

யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது. இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொள். நாம் வினையைக் கடைசியில் வைப்போம், ஆங்கிலத்தில் அது ஆளுக்கு அடுத்தே வந்துவிட வேண்டும். ‘அம்மா திங்கட்கிழமை அரூரிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வந்தார்’ என்பதை ‘மை மதர் கேம் ஃப்ரம் அரூர் டு தர்மபுரி பை பஸ் ஆன் மண்டே’ என்று வாய்விட்டுச் சொல். ஒகேனக்கல் போனது, சந்தூரில் மாங்கன்று வாங்கியது என்று உனக்குத் தெரிந்த ஊர்க்கதைகளையே இப்படிச் சொல்லிப் பழகு.

‘போனேன்’ என்றாலே அதற்குள் ‘நான்’ இருக்கிறது. வெறும் ‘வென்ட்’டில் யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியமும் ஐ, ஷி, வி, இல்லையென்றால் ஒரு பெயரோடு தொடங்கட்டும். நம் ‘அவர்’ இருபாலுக்கும் பொது, அதனால்தான் உனக்கு ஹி, ஷி மாறுகிறது. முதல் வரியில் பாட்டியின் பெயரை எழுது, பிறகு பாட்டிக்கு மட்டும் ஷி, ஹெர். நர்ஸை எப்போதும் ‘த நர்ஸ்’ என்றே எழுது, குழப்பம் வராது.

வீட்டில், மேசையில், பஸ் ஸ்டாண்டில் என்று நமக்கு எல்லாம் ‘இல்’தான். அங்கே உள்ளே என்றால் இன், மேற்பரப்பு என்றால் ஆன், ஒரு புள்ளியாகக் குறிக்கும் இடம் என்றால் அட். நேரத்தில் மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன். ‘அட் நைட்’ என்பதை அப்படியே மனதில் வை.

டிட் வந்தால் இறந்தகாலம் அதோடு முடிந்தது, வினை மூல உருவத்துக்குப் போய்விடும். ‘ஐ டிட் நாட் லிஃப்ட் ஹெர்.’

இலக்கணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று. பாட்டி விழுந்ததை நீ கண்ணால் பார்த்தாயா? இல்லையென்றால் ‘ஷி ஃபெல் ஃப்ரம் த பெட்’ என்று எழுதாதே. ‘ஐ ஃபவுண்ட் ஹெர் ஆன் த ஃப்ளோர்’ என்று எழுது. பார்த்தது, கேட்டது, செய்தது மட்டும். ஊகம் ஒரு வரி கூட வேண்டாம்.

பென்னாகரத்து அக்கா:
டீச்சரம்மா சொன்னதைச் செய். மீட்டிங் எதற்கு என்றும் எழுத்தில் கேள். ஒழுங்கு நடவடிக்கைக்கான ஹியரிங் என்றால் கூட வேலை செய்பவர் ஒருவரையோ யூனியன் ஆளையோ அழைத்துப்போக அங்கே 1999ஆம் வருஷச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. வெறும் விசாரிப்பு என்றால் அந்த உரிமை தானாக வராது, ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அரூர்ப் பெண்:
எழுதிப் பார்த்தேன் டீச்சர். ‘ஐ வாஸ் இன் த கிச்சன். ஐ ஹேர்ட் எ நாய்ஸ் ஃப்ரம் ஹெர் ரூம் அட் டூ தர்ட்டி. வென்ட் டு ஹெர் ரூம். ஐ ஃபவுண்ட் ஹெர் ஆன் த ஃப்ளோர். ஐ டிட் நாட் லிஃப்டட் ஹெர். ஐ ப்ரெஸ்ட் த பெல். த நர்ஸ் கேம் இன் டூ தர்ட்டி ஃபைவ்.’

கிருஷ்ணகிரி டீச்சர்:
நன்றாக வந்திருக்கிறது. ‘வென்ட்’டுக்கு முன்னால் ஐ போடு. ‘டிட் நாட் லிஃப்ட்’. கடைசி வரியில் ‘அட் டூ தர்ட்டி ஃபைவ்’. பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தாரா, கதவருகிலா? ‘நெக்ஸ்ட் டு த பெட்’, ‘நியர் த டோர்’, எது உண்மையோ அதைச் சேர். மேலே தேதியும் உன் முழுப் பெயரும் இருக்கட்டும். பாட்டியின் பெயரை மேனேஜரிடம் கொடுக்கும் தாளில் மட்டும் எழுது, இந்தக் குழுவில் போட்டுவிடாதே. கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்.