தொட்டியடி கேட் வால்வில் கசிவு: முழுவதையும் வெட்டி மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (மயிலாடுதுறை)

எங்கள் மாடியிலுள்ள 1000 லிட்டர் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயில் பித்தளை கேட் வால்வு (கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு இறங்கி நீரை அடைக்கும் வகை) ஒன்று இருக்கிறது. 12 ஆண்டுகளாக அதை யாரும் தொட்டதில்லை. சென்ற வாரம் சமையலறைக் குழாயை மாற்றுவதற்காக அதை மூடித் திறந்தோம். அன்று முதல், கைப்பிடிக்குக் கீழே தண்டு உள்ளே நுழையும் இடத்தில் நீர் சொட்டுகிறது. இரவில் வைக்கும் வாளி விடிவதற்குள் கால்வாசி நிறைந்துவிடுகிறது. வால்வை இறுக மூடினாலும் கீழே நூல்போல நீர் வந்துகொண்டே இருக்கிறது. வந்து பார்த்த பிளம்பர், குழாயோடு வெட்டி மாற்ற வேண்டும் என்கிறார். சுவரில் ஈரம் இறங்கி மாமியார் படுக்கும் அறைவரை வந்துவிட்டதால் கவலையாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (கும்பகோணம்)

அம்மா, 30 ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் வால்வில் இருப்பவை இரண்டு தனித்தனிப் பழுதுகள். தண்டின் ஓரத்தில் கசிவதற்குக் காரணம், கிளாண்ட் நட்டுக்கு அடியில் தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங் (நீர் வெளியே வராமல் அடைக்கும் திரி) பல ஆண்டுகள் அசையாமல் இருந்து காய்ந்துபோய், தண்டு திரும்பியதும் பிடிப்பை இழந்ததுதான். இதற்காக வால்வை வெட்ட வேண்டியதில்லை. கைப்பிடிக்குக் கீழுள்ள அந்த நட்டை ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் வலப்புறம் இறுக்கிப் பாருங்கள். கசிவு நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும், மேலும் இறுக்கினால் தண்டு திரும்பாது. நிற்கவில்லை என்றால், தொட்டியைக் காலி செய்து நட்டைக் கழற்றி, பழைய பேக்கிங்கை எடுத்துவிட்டு, டெஃப்லான் டேப்பைக் கயிறுபோல முறுக்கித் தண்டைச் சுற்றி, நட்டு இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நட்டை இறுக்கும்போதே அது பிரிந்து வந்துவிடும்.

இரண்டாவது பழுது, உள்ளே இறங்கும் தகடு சரியாக அமராததால் வருவது. ஆழ்குழாய் நீரின் உப்புப் படிவமும் மணலும் அடியிலுள்ள பள்ளத்தில் தங்கிவிடும். முக்கால்வாசி மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்துவைத்து, சிறிது திறந்தும் மூடியும் நான்கைந்து முறை செய்தால் நீரின் வேகமே அதில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போகும். ரெஞ்ச் போட்டு மூட முயலாதீர்கள். தண்டிலிருந்து தகடு கழன்றால் பிறகு எதுவும் செய்ய இயலாது.

மறுமொழி 2 (வேதாரண்யம்)

ஐயா சொன்ன முறை நல்ல நீருக்குப் பொருந்தும். எங்கள் கடலோரத்து உவர்நீரில் நான் போட்ட பேக்கிங் எட்டு மாதம்தான் தாங்கியது. உப்பு நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், தண்டில் செம்பு நிறத் திட்டுகள் தெரியும்; அப்படித் தெரிந்தால் மாற்றுவதே நல்லது. மாற்றும்போது பால் வால்வாக (தகட்டுக்குப் பதில் துளையுள்ள உருண்டை திரும்பி நீரை அடைப்பது) போடுங்கள், பக்கத்தில் ஒரு யூனியனும் (குழாயை வெட்டாமலேயே கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வையுங்கள். அடுத்த முறை வெட்ட வேண்டிய தேவையே வராது.

மறுமொழி 3 (திருவாரூர்)

பழைய இரும்புக் குழாய் என்பதால் ஒரு எச்சரிக்கை. வால்வைக் கழற்றும்போது குழாயை ஒரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டு, மற்றொரு ரெஞ்சால்தான் வால்வைத் திருப்ப வேண்டும். அப்படிப் பிடிக்காததால் எங்கள் வீட்டில் துருப்பிடித்த மரை சுவருக்குள்ளேயே முறிந்து, சுவரை உடைக்க நேர்ந்தது.

கேட்டவர் (மயிலாடுதுறை)

அனைவருக்கும் நன்றி. கால் சுற்றில் கசிவு குறைந்தது, மேலும் சிறிது இறுக்கியதும் நின்றுவிட்டது; நேற்றிரவு வைத்த வாளி காலையில் காய்ந்தே இருந்தது. தண்டில் செந்நிறத் திட்டு எதுவும் இல்லை. திறந்து மூடியபோது கீழே கலங்கலாக மணல் வந்தது, ஆனாலும் நூல்போல வரும் நீர் முழுவதும் நிற்கவில்லை. சுவர் காய்ந்தபின், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பாக, இரண்டு ரெஞ்ச் வைத்திருக்கும் பிளம்பரை அழைத்து யூனியனோடு பால் வால்வு போடச் சொல்லப்போகிறேன்.