82 விழுக்காடு நியூட்ரோஃபில் வந்தால் பாக்டீரியாவா?

ஊதாமூடி:
நேற்று நம் சுங்கை சிப்புட் தோட்டக் குழுவில் கித்தாக்காடு அண்ணன் ஒரு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பெயரை மறைத்துப் போட்டார். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் இரண்டுமே வெள்ளணு வகைகள். கூடவே, "நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் நியூட்ரோஃபில் 82 விழுக்காடு வந்தால் பாக்டீரியாதான். வைரஸுக்கு லிம்ஃபோசைட்தான் ஏறும். கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குங்கள்" என்று ஒரு தீர்ப்பு. அண்ணே, பெருக்கிப் பார்த்தீர்களா? மொத்த வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 4,600. அதில் 82 விழுக்காடு 3,772. பெரியவர்களுக்கு 2,000 முதல் 7,000 வரை சாதாரணம். நியூட்ரோஃபில் ஏறவே இல்லை. லிம்ஃபோசைட் 11 விழுக்காடு, அதாவது 506. ஆயிரமாவது இருக்க வேண்டியது பாதியாக விழுந்திருக்கிறது. அது விழுந்ததால்தான் நியூட்ரோஃபிலின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. இன்ஃப்ளூயன்ஸாவிலும் கோவிட்டிலும் அடிக்கடி வரும் ரிப்போர்ட் இது.

கித்தாக்காடு:
கணக்கு இருக்கட்டும் தங்கச்சி. 82-க்குப் பக்கத்தில் மெஷினே அதிகம் என்று 'எச்' (ஹை) போட்டிருக்கிறதே, அது பொய்யா? நியூட்ரோஃபில் பாக்டீரியாவை விழுங்கும் அணு. வைரஸ் செல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. அப்புறம் வைரஸ் காய்ச்சலில் நியூட்ரோஃபிலுக்கு நுரையீரலில் என்ன வேலை?

ஊதாமூடி:
'எச்' விழுக்காட்டுக்கு மட்டும் விழுந்தது. கீழே எண்ணிக்கை வரியைப் பாருங்கள், அங்கே 'எச்' இல்லை.

என்ன வேலையா? வைரஸ் புகுந்த மூச்சுக்குழல் செல்லே இன்டர்லூகின்-8 என்ற அழைப்புப் புரதத்தை விட்டு அதைக் கூப்பிடுகிறது. கைக்குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் தொற்று கடுமையானால் மூச்சுக்குழலைக் கழுவியெடுத்த நீரில் இருக்கும் அணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்தான். உதிர்ந்த செல், சளி, இந்தக் கூட்டம் மூன்றும் சேர்ந்து சின்னக் குழாயை அடைப்பதால்தான் பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது. தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசும் பழக்கமும் இதற்கு உண்டு. 2004-இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் காட்டினார்கள். கோவிட்டில் இறந்தவர்களின் நுரையீரலில், இரத்தக்கட்டி அடைத்த நுண்குழாய்களுக்குள்ளேயே அந்த வலை இருந்தது. சளி பச்சையானால் பாக்டீரியா என்று அடுத்து சொல்வீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பச்சை நிறம் நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் வரும்.

சொல்லாய்வு:
ஒரு திருத்தம். 'நடுவமைநாடி' என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கும்போது நியூட்ரோஃபில் எதற்கு?

ஊதாமூடி:
ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இல்லை. நோயாளி கையில் இருக்கும் தாளோடு ஒப்பிட வேண்டாமா?

சொல்லாய்வு:
தாளில் இல்லையென்றால் நாம்தான் ஏற்ற வேண்டும். தோட்டப் பள்ளியில் படித்தவர்களே இப்படிப் பேசினால் எப்படி?

பழைய டிரஸர்:
சொல் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எப்போது எடுத்தது, அதற்கு முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போட்டார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோஃபிலை அந்த மருந்து உதிர்த்து ஓட்டத்தில் விட்டுவிடும். சில மணி நேரத்தில் எண்ணிக்கை ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும். கிருமியே தேவையில்லை. இன்னொன்று, தோட்டத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்த ஊதா மூடிக் குழாய் வேனுக்காக மத்தியானம் வரை மேசையில் கிடந்தால் அணுவின் கரு வீங்கும், அணுவுக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதைப் பார்த்து 'கடும் பாக்டீரியா' என்று எழுதிவிடுவார்கள். எடுத்த 2 மணி நேரத்துக்குள் கண்ணாடியில் இழுத்துக் காயவைக்க வேண்டும்.

கித்தாக்காடு:
டெக்ஸாவும் போடவில்லை, குழாயும் கிடக்கவில்லை. 82 என்பது 82. 1918 ஃப்ளூவில் செத்தவர்களில் பெரும்பாலோர் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவில்தானே செத்தார்கள்? அப்போது ஆன்டிபயாட்டிக் இருந்திருந்தால்?

ஊதாமூடி:
அது உண்மை, அதை நான் மறுக்கவே இல்லை. ஃப்ளூ வந்தவருக்குக் காய்ச்சல் தணிந்து, சில நாளில் திரும்ப ஏறினால் நிமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்களைத் தேடத்தான் வேண்டும். தேடுவதற்கு வழி இருக்கிறது. சளியை மைக்ரோஸ்கோப்பில் குறைந்த பெருக்கத்தில் பார்க்கும்போது ஒரு பார்வைப் புலத்தில் நியூட்ரோஃபில் 25-க்கு மேலும், வாய்த்தோல் செல் 10-க்குக் கீழும் இருந்தால்தான் அது நெஞ்சுச்சளி, இல்லாவிட்டால் எச்சில். எச்சிலை வளர்த்துப் பார்த்து மருந்து கொடுப்பீர்களா? நீங்கள் எதையும் தேடவில்லை. ஒரு விழுக்காட்டைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். போன மாதம் டெங்கி பிளேட்லெட் பேச்சிலும் இதைத்தான் செய்தீர்கள்.

கித்தாக்காடு:
டெங்கியை இழுக்காதே. அன்றைக்கு நீ பேசிய பேச்சு எனக்கும் மறக்கவில்லை.

ஈரக்காற்று:
என் பார்வையில் இருவருமே தவறு. வைரஸ் நுரையீரலைக் கெடுப்பதே நியூட்ரோஃபில்தான். எலிகளில் அதை அகற்றிவிட்டால் நன்றாகிவிடுகிறதே.

ஊதாமூடி:
எந்த ஆன்டிபாடியால் அகற்றினார்கள்? பழைய ஆய்வுகளில் ஆர்.பி.6-8சி5 என்ற ஆன்டிபாடி. அது மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளணுவையும் சேர்த்தே பிடிக்கும், அதனால் வந்த விளைவு எதனுடையது என்று பிரிக்க முடியாது. நியூட்ரோஃபிலை மட்டும் குறிவைக்கும் 1ஏ8 ஆன்டிபாடி கொடுத்த ஃப்ளூ எலிகளுக்கு நோய் முற்றியது, வைரஸும் பெருகியது. 2015-இல் இன்னொன்றும் தெரிந்தது: நியூட்ரோஃபில் ஊர்ந்த வழியில் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற அழைப்புப் புரதத்தால் தடம் விட்டுப்போகிறது, வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் கொலையாளி டி-செல் அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் வைரஸ் இருக்கும் இடத்துக்குப் போகிறது. நியூட்ரோஃபில் அதிகமானால் அது விடும் எலாஸ்டேஸ் நொதி நுரையீரல் சுவரைத் தின்னும் என்பதும் உண்மைதான். அதற்காக அகற்றிவிடு என்றால் எப்படி?

ஈரக்காற்று:
எலி வேறு, மனிதன் வேறு.

பழைய டிரஸர்:
எலியை முதலில் கொண்டுவந்தது நீங்கள்தானே.

சொல்லாய்வு:
'கொலையாளி டி-செல்' என்பதும் தமிழில்லை. 'கொல்லி' போதும்.

கித்தாக்காடு:
இத்தனை படித்தவர்கள் பேசியும் 82 ஏன் 'எச்' என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஊதாமூடி:
முதல் பதிவிலேயே சொன்னேன். 4,600-ஐ 0.82-ஆல் பெருக்குங்கள். குழுவில் போட்ட அந்தச் செய்தியை இன்றைக்கே எடுங்கள் அண்ணே. இரண்டு பேர் அதைக் காட்டி மருந்து கேட்டுக் கிளினிக்குக்குக் கிளம்புகிறார்கள்.

கித்தாக்காடு:
எடுக்க மாட்டேன். 82.